பாயிண்டர் காட்டும் இடம் எதுவரை நம்முடையது?

நீங்கள் கேட்டிருப்பது இது. சி மொழியில் எழுதிய ஒரு செயற்கூறுக்குள் 10, 20, 30, 40, 50 என்று ஐந்து முழு எண்கள் கொண்ட அணியை அறிவித்து, அதன் முகவரியை ஒரு பாயிண்டரில் வைத்துத் திருப்பி அனுப்பினீர்கள். அழைத்த இடத்தில் ஒவ்வொன்றாக அச்சிட்டபோது முதல் எண் சரியாக வந்தது, அடுத்தவை குப்பையாக வந்தன. அணிக்குப் பதிலாக, கேட்ட அளவு நினைவகத்தை வாங்கித் தரும் மாலாக் (malloc) மூலம் இடம் பெற்றதும் ஐந்தும் சரியாக வந்தன. பிறகு ஃப்ரீ (free) மூலம் அந்த இடத்தை விடுவித்துவிட்டு மறுபடியும் அச்சிட்டால், முதல் நான்கு எண்கள் மாறியிருக்க, ஐந்தாவது இடத்தில் 50 மட்டும் அப்படியே நிற்கிறது. "ஃப்ரீ அரைகுறையாகத்தான் அழிக்கிறதா? பாயிண்டரை எப்படித்தான் புரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கண்ட மூன்று விளைவுகளுக்கும் துல்லியமான காரணம் உண்டு. அந்தக் காரணங்களைத் தொடர்ந்து போனாலே பாயிண்டர் விளங்கிவிடும் என்பது என் அனுபவம். வகுப்பறையில் பாயிண்டரை வீட்டு முகவரிக்கு ஒப்பிட்டுச் சொல்லித் தருவார்கள். அந்த உவமை 'எங்கே' என்பதை மட்டும் விளக்குகிறது, 'எதுவரை' என்பதைத் தொடுவதே இல்லை. பாயிண்டரால் வரும் தொல்லைகளில் மிகக் கடுமையானவை, முகவரி எழுதப்பட்ட பிறகு அந்த வீட்டில் குடியிருப்பவர் மாறிப்போவதால் வருபவை.

முதலில் 'எங்கே' என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நிரலின் பார்வையில் நினைவகம் என்பது வரிசை எண் இடப்பட்ட பைட்டுகளின் நீண்ட நிரை. 'அ' என்ற முழு எண் மாறி 1000-ஆம் பைட்டில் தொடங்குகிறது என்றால், &அ என்பதன் மதிப்பு 1000. அந்த மதிப்பை வைத்திருக்கும் மாறியே பாயிண்டர். அதன் பெயர் 'ப' என்றால், *ப என்பது "அங்கே இருப்பது" என்று பொருள்படும். இன்றைய 64 பிட் கணினிகளில் எதைச் சுட்டினாலும் பாயிண்டருக்கு 8 பைட் இடம் பிடிக்கிறது. ஆனால் பாயிண்டர் வெறும் எண் அன்று. அது சுட்டும் பொருளின் தரவினமும் அதனோடு சேர்ந்தே வருகிறது. அதனால்தான் 'ப' என்பதோடு 1-ஐக் கூட்டினால் 1001 வராமல், முழு எண்ணுக்கு 4 பைட் என்ற கணக்கில் 1004 வருகிறது.

இந்தத் தரவினம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது அறியத்தக்க கதை. சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கினார். அதற்கு முன்னோடியான பி மொழியில் தரவினம் என்பதே கிடையாது. எல்லாம் ஒரே அளவுள்ள அறைகள், பாயிண்டர் என்பது எத்தனையாவது அறை என்ற வரிசை எண், அவ்வளவுதான். அந்த மொழியை பிடிபி-11 கணினிக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் கணினி பைட் கணக்கில் முகவரி இடுவதாக இருந்தது. ஆகவே பாயிண்டரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறை எண்ணைப் பைட் முகவரியாக மாற்ற வேண்டியிருந்தது. பாயிண்டர் எதைச் சுட்டுகிறது என்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தச் செலவு தேவைப்படாது. சி மொழியில் தரவினங்கள் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அணியின் பெயர் பாயிண்டராக மாறிவிடும் விந்தையும் அதே காலத்தில் பிறந்தது. பி மொழியில் ஓர் அணியை அறிவித்தால், அதன் உறுப்புகளுக்கான இடம் தனியாகவும், அந்த இடத்தைச் சுட்டும் ஒரு பாயிண்டர் தனியாகவும் நினைவகத்தில் உருவாகும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் அடைவுப் பதிவு அன்று, கோப்பை அடையாளம் காட்டும் 2 பைட் ஐநோடு எண்ணும் 14 பைட் கோப்புப் பெயருமாக 16 பைட் கொண்டது. வட்டில் உள்ள அந்தப் 16 பைட்டுகளை அப்படியே பிரதிபலிக்கும் ஒரு கட்டமைப்பை ரிச்சி விரும்பினார். நடுவே ஒளிந்திருக்கும் பாயிண்டருக்கு அதில் இடம் ஏது? ஆகவே அந்தப் பாயிண்டரைச் சேமித்து வைப்பதையே விட்டுவிட்டு, அணியின் பெயரை ஒரு கோவையில் குறிப்பிடும்போது முதல் உறுப்பின் முகவரியைக் கம்பைலர் அங்கேயே உண்டாக்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார். சி மொழியின் சிக்கனத்துக்கு இது பெரிய காரணம். அதற்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், அணியைச் செயற்கூறுக்கு அனுப்பும்போது முகவரி மட்டும் போகிறது, நீளம் போவதில்லை. உள்ளே, பைட் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) கேட்டால் அணியின் அளவு வராமல் பாயிண்டரின் 8 பைட் வருவது இதனால்தான்.

நீளம் தொலைந்ததன் விளைவை உலகம் பலமுறை கண்டிருக்கிறது. 1988-இல் இணையத்தைத் தாக்கிய, தானே பரவும் நிரலான மோரிஸ் வார்ம், பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையில் இருந்த 512 பைட் இடத்துக்கு அதைவிட நீளமான உள்ளீட்டை அனுப்பித்தான் சில கணினிகளுக்குள் நுழைந்தது. அந்தச் சேவை பயன்படுத்திய கெட்ஸ் என்ற செயற்கூறு, எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே எழுதிக்கொண்டு போகும். 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் அது சி மொழியிலிருந்து நீக்கப்பட்டது. 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையில் தவறு படிக்கும் பக்கம் நடந்தது: எதிர்முனை சொன்ன நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகம் நம்பிவிட்டதால், ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை அடுத்தடுத்த நினைவகம் வெளியே போனது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு செயற்கூறை அழைக்கும்போது, அதன் உள் மாறிகளுக்கும் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரிக்கும் ஸ்டாக் என்ற பகுதியில் ஒரு துண்டு ஒதுக்கப்படுகிறது. ஒதுக்குவது என்றால் ஸ்டாக்கின் உச்சியைக் குறிக்கும் பதிவகத்தின் (ரிஜிஸ்டர்) மதிப்பை நகர்த்துவது மட்டுமே. எக்ஸ்86 கணினிகளில் ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால், மதிப்பைக் குறைத்தால் இடம் கிடைக்கும், கூட்டினால் இடம் திரும்பிப்போகும். செயற்கூறு முடியும்போது யாரும் எதையும் அழிப்பதில்லை. அந்தப் பதிவகம் பழைய மதிப்புக்குத் திரும்புகிறது, அவ்வளவே. ஆகவே உங்கள் ஐந்து எண்களும் அதே இடத்தில் அப்படியே கிடந்தன. ஆனால் அந்த இடம் உங்களுடையதாக இருந்த காலம் முடிந்துவிட்டது.

பிறகு ஏன் முதல் எண் மட்டும் சரியாக வந்தது? அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப்பை (printf) அழைப்பதற்கு முன்பே, அதற்கு அனுப்ப வேண்டிய மதிப்பு நினைவகத்திலிருந்து படிக்கப்பட்டுவிடுகிறது. முதல் தடவை படிக்கும்போது ஸ்டாக்கின் அந்தப் பகுதியை வேறு யாரும் தொடவில்லை என்பதால் 10 கிடைத்தது. அதன்பின் பிரிண்ட்எஃப் ஓடத் தொடங்கியது. அதுவும் ஒரு செயற்கூறுதானே. அதற்கும் அது அழைக்கும் பல செயற்கூறுகளுக்கும் ஸ்டாக்கில் அதே இடம் ஒதுக்கப்பட்டு, உங்கள் எண்களின் மேல் அவற்றின் மாறிகள் எழுதப்பட்டன. இரண்டாவது எண்ணை நீங்கள் படித்தபோது, பிரிண்ட்எஃப் விட்டுச்சென்ற மிச்சத்தைப் படித்தீர்கள். "ஒரு முறை சரியாக வந்தது" என்பது இத்தகைய பிழையின் மிக மோசமான குணம், ஏனென்றால் அது நம்மை நம்பவைத்துவிடுகிறது. பாயிண்டர் மாறி எதுவும் இல்லாமல் அணியின் பெயரையே நேரடியாகத் திருப்பி அனுப்பியிருந்தால், ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கை தந்திருக்கும். அதன் பிந்தைய பதிப்புகள் அந்த முகவரிக்குப் பதிலாகச் சுழியை (0) திருப்பி அனுப்பி, நிரல் உடனே விழும்படி செய்கின்றன. உடனே விழுவதே நமக்கு நல்லது.

மாலாக் இதை எப்படிச் சரிசெய்தது? ஹீப் என்ற வேறு பகுதியில் இடம் வாங்கிக் கொடுத்ததால்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் தவறில்லை, ஆனால் இடம் மாறியது இரண்டாம்பட்சம். அடிப்படையான வேறுபாடு ஆயுளில் இருக்கிறது: ஸ்டாக்கில் உள்ள பொருளின் ஆயுள் செயற்கூறின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது, மாலாக் தந்த இடத்தின் ஆயுள் நீங்கள் ஃப்ரீ என்று சொல்லும்வரை நீடிக்கிறது. அளவிலும் வேறுபாடு உண்டு. லினக்ஸில் ஸ்டாக்குக்கு இயல்பான வரம்பு பெரும்பாலும் 8 மெகாபைட், விண்டோஸில் 1 மெகாபைட். பெரிய அணிகளை உள் மாறிகளாக அறிவித்தால் நிரல் விழுவது இதனால்தான்.

மாலாக் என்பது இயங்குதளம் அன்று, உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும் சாதாரண நூலகச் செயற்கூறு. பலர் இதைக் கவனிப்பதில்லை. அது இயங்குதளத்திடமிருந்து மொத்தமாக நினைவகத்தை வாங்கி, நாம் கேட்கும்போது சில்லறையாகப் பிரித்துத் தருகிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிலிப்சி நூலகத்தின் மாலாக், டக் லீ எழுதிய ஒதுக்கியின் வழியில் வந்தது. 64 பிட் கணினியில் அது தரும் துண்டுகள் 16-இன் மடங்குகளாக இருக்கும். மிகச் சிறிய துண்டு 32 பைட். நமக்குக் கிடைக்கும் முகவரிக்கு 8 பைட் முன்னால், அந்தத் துண்டின் அளவை அது குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் எத்தனை பைட் கேட்டோம் என்பதை ஃப்ரீக்குச் சொல்லாமலே அது சரியாக விடுவிப்பது இந்தக் குறிப்பின் உதவியால்தான். நீங்கள் கேட்ட 20 பைட்டுக்கு 32 பைட் துண்டு ஒன்று கிடைத்தது, அதில் நீங்கள் எழுதத்தக்க இடம் 24 பைட். 24 பைட் கேட்டாலும் அதே துண்டுதான் வரும். 25 கேட்டால் 48 பைட் துண்டுக்குத் தாவிவிடும்.

ஃப்ரீயின் புதிருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஃப்ரீ எதையும் அழிப்பதில்லை. "இந்தத் துண்டு காலி" என்று தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலை எங்கே வைப்பது? காலியான துண்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறது, ஏனென்றால் அந்த இடம் இனி யாருக்கும் தேவையில்லை. 2017-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.26 முதல், சிறிய துண்டுகள் ஒரு விரைவுப் பட்டியலில் போய்ச் சேர்கின்றன. அப்போது துண்டின் முதல் 8 பைட்டில் பட்டியலின் அடுத்த துண்டுக்கான சுட்டும், அதற்கடுத்த 8 பைட்டில் ஒரே இடத்தை இருமுறை ஃப்ரீ செய்வதைக் கண்டுபிடிக்க உதவும் ஓர் அடையாளமும் எழுதப்படுகின்றன. அந்த அடையாளம் சற்றுப் பிந்தைய பதிப்புகளில் சேர்ந்தது. மொத்தம் 16 பைட். ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் என்றால் நான்கு எண்கள் போயின. ஐந்தாவது எண்ணான 50, பதினேழாவது பைட்டில் தொடங்குவதால் தப்பித்தது. நீங்கள் கண்டது ஃப்ரீயின் அரைகுறை வேலை அன்று, அந்த இடத்தின் புதிய உரிமையாளரான மாலாக் நூலகம் எழுதி வைத்த கணக்கு.

தப்பித்த அந்த 50-ஐ நம்பி நிரல் எழுதக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் ஆபத்தின் அளவைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஃப்ரீ செய்த உடனே அதே அளவில் யாராவது மாலாக் கேட்டால், கடைசியாகக் காலியான துண்டே முதலில் வெளியே போகும், அதாவது உங்கள் பழைய முகவரி இன்னொருவருக்குக் கொடுக்கப்படும். உங்கள் பழைய பாயிண்டர் இன்னும் அதே முகவரியை வைத்திருந்தால், ஒரே இடத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் உண்டாகிவிடுகிறார்கள். ஒருவர் எழுதுவது மற்றவரின் தரவை மாற்றும், எந்த எச்சரிக்கையும் வராது. அந்த இரண்டாம் துண்டில் ஒரு செயற்கூறின் முகவரி இருந்து, அதை வெளியிலிருந்து ஒருவர் மாற்ற முடிந்தால், நிரலின் கட்டுப்பாடே அவர் கைக்குப் போகும். குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம் திட்டம், தன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகத் தவறுகள் என்றும், அவற்றில் பாதி ஃப்ரீ செய்த பின் பயன்படுத்துவதால் வருபவை என்றும் 2020-இல் தெரிவித்தது. பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதிய நிரலின் நிலைமை இது. ஆகவே இந்தப் பிழை உங்கள் திறமைக் குறைவைக் காட்டுகிறது என்று எண்ண வேண்டாம்.

தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்கு இதே பகுதியில் ஒரு தனிப்பட்ட கண்ணி உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகளே. 'பள்ளிகள்' என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஆனால் கணினிக்கு எட்டுக் குறியீடு, அதாவது 24 பைட். சி மொழியில் சரத்தின் முடிவைக் காட்டும் சுழிக்கு இன்னொரு பைட் வேண்டும், ஆக மொத்தம் 25. சரத்தின் நீளத்தைத் தரும் ஸ்டிர்லென் (strlen) இந்தச் சுழியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தரும் 24-ஐ அப்படியே மாலாக்குக்குக் கொடுத்துவிட்டு அந்தச் சொல்லை நகலெடுத்தால், முடிவுச் சுழி இருபத்தைந்தாவது பைட்டில் போய் விழும். மேலே சொன்ன அமைப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 24 பைட் முடிந்த உடனே இருப்பது அடுத்த துண்டின் அளவுக் குறிப்பு. அதன் முதல் பைட்டைச் சுழியாக்கிவிட்டோம். அந்த வரியில் ஒன்றும் நடக்காது, அச்சிட்டால் சொல் சரியாகவே வரும். எங்கோ ஆயிரம் வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீயில் நிரல் விழும், நாமும் அந்த வரியில் பிழையைத் தேடி ஒரு நாளைத் தொலைப்போம். 'மாணவர்' போன்ற சிறிய சொல்லாக இருந்தால் 18 பைட், துண்டுக்குள் மிச்ச இடம் இருப்பதால் பிழை வெளியே தெரியவே தெரியாது. குறிப்பிட்ட சொற்களுக்கு மட்டும் நிரல் விழுகிறது என்றால், முதலில் இந்த ஒரு பைட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ரீஅலாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இடத்தைப் பெரிதாக்கும்போது, அருகில் இடம் இல்லையென்றால் அது தரவை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் பழைய இடத்தை விடுவித்துவிடும். அணியின் நடுவில் ஓர் உறுப்பைச் சுட்டிக்கொண்டிருந்த பாயிண்டர் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அது அந்தக் கணமே செத்துவிட்டது. வளரக்கூடிய அணிக்குள் முகவரியை வைத்துக்கொள்ளாமல் வரிசை எண்ணை வைத்துக்கொள்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அணி எங்கே நகர்ந்தாலும் மூன்றாவது உறுப்பு மூன்றாவது உறுப்புதான்.

மாலாக், இடம் கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (NULL) தருகிறதா என்று சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நல் தரவில்லை என்பதற்காக அவ்வளவு நினைவகமும் கையில் இருப்பதாகவும் எண்ணிவிட வேண்டாம். லினக்ஸ் பெரும்பாலும் முதலில் முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஒரு பக்கத்தை (வழக்கமாக 4096 பைட்) நீங்கள் முதன்முதலில் தொடும்போதுதான் உண்மையான நினைவகத்தைப் பொருத்துகிறது. இருப்பதற்கு மேல் கொடுத்துவிட்டு, பின்னால் போதாமல் போகும்போது ஏதேனும் ஒரு நிரலை நிறுத்திவிடவும் செய்யும்.

இனி உங்கள் நிரலை எப்படி எழுதுவது? ஐந்து எண்களைத் திரும்பத் தருவதற்கு மாலாக் ஒரு வழி. அப்படிச் செய்தால், விடுவிக்கும் பொறுப்பு அழைப்பவருடையது என்பதைச் செயற்கூறின் மேலே ஒரு குறிப்பாக எழுதிவிடுங்கள், ஏனென்றால் சி மொழியில் அந்த உடன்பாட்டை எழுதி வைக்க வேறு இடமே இல்லை. 2015-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி இந்த உடன்பாட்டையே இலக்கணமாக்கி, மீறினால் கம்பைல் செய்ய மறுக்கிறது. சி மொழியில் அந்தக் காவல் வேலையை நாமே செய்ய வேண்டும். இருப்பினும் உங்கள் தேவைக்கு நான் தேர்ந்தெடுப்பது வேறு வழி: அழைப்பவரே தன் அணியை அறிவித்து, அதன் முகவரியையும் நீளத்தையும் சேர்த்து அனுப்பட்டும், உங்கள் செயற்கூறு அதை நிரப்பட்டும். அழைப்பவரின் துண்டு ஸ்டாக்கில் இன்னும் உயிரோடு இருப்பதால் ஆயுள் சிக்கல் இல்லை, நீளமும் கூடவே போவதால் வரம்பு மீறலும் தவிர்க்கப்படும், ஃப்ரீயும் தேவையில்லை. உள்ளே ஸ்டேட்டிக் அணி வைப்பது என்று இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள். அதன் ஆயுள் நிரல் முடியும்வரை இருக்கும் என்பது உண்மையே, ஆனால் இரண்டாம் முறை அழைத்தால் முதல் விடை அழிந்துவிடும். நான் அதைத் தவிர்க்கிறேன்.

கம்பைல் செய்யும்போது அட்ரஸ் சானிடைசர் வசதியைச் சேர்த்துப் பழகுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இருக்கிறது. விடுவித்த இடத்தைத் தொட்டால், எந்த வரியில் தொட்டோம், எந்த வரியில் விடுவித்தோம், எந்த வரியில் வாங்கினோம் என்று மூன்றையும் அது காட்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், கற்கும் காலத்தில் அது ஒரு பொருட்டல்ல.

கடைசியாக, மேலே சொன்னதை என் சொல்லுக்காக ஏற்காமல் நீங்களே பார்ப்பதற்கு ஒரு சிறு சோதனை. இதற்குச் சானிடைசரையும் கம்பைலரின் உகப்பாக்கத்தையும் (ஆப்டிமைசேஷன்) நிறுத்திவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு முழு எண் மாறி கொண்ட, ஒரே மாதிரியான இரண்டு செயற்கூறுகளை எழுதி, ஒவ்வொன்றும் தன் மாறியின் முகவரியை அச்சிடும்படி செய்து, மெயினிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அழையுங்கள். பிறகு மெயினிலேயே 24 பைட் வாங்கி, முகவரியை அச்சிட்டு, ஃப்ரீ செய்து, உடனே மறுபடியும் 24 பைட் வாங்கி அச்சிடுங்கள். திரையில் நான்கு முகவரிகள் வரும். முதல் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும், அடுத்த இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்.